ஃப்ரீயா கொடுத்த ஆப்புக்கு காசு கேட்கலாமா?

உங்க போன்ல காசு கொடுத்து இறக்கின ஆப் எத்தனை இருக்குன்னு ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு விடை பூஜ்யம்தான். ஆனா நம்ம பசங்களே இப்போ ஆப் போடுறாங்க. மினி ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சு, ப்ளே ஸ்டோர் வரைக்கும் போய், சில நூறு பேர் தினமும் பயன்படுத்துற அளவுக்கு வளர்ந்தவையும் உண்டு. சிஜிபிஏ கால்குலேட்டர், பஸ் டைமிங், பழைய வினாத்தாள்னு எல்லாமே ஃப்ரீ. இதில் ஒன்றை நாளைக்குக் காசு வாங்கும் ஆப்பாக மாற்றினால் அது துரோகமா?

இல்லை என்பது என் கட்சி. தாராளமாக காசு கேட்கலாம். ஆனால் ஏற்கெனவே கொடுத்ததைப் பிடுங்கக் கூடாது.

முதல்ல, காசு எதுக்கு? ப்ளே ஸ்டோரில் கணக்கு திறக்க ஒரு தடவை 25 டாலர். ஆப்பிள் என்றால் வருஷா வருஷம் 99 டாலர். சர்வர் பக்கம் ஃபயர்ஸ்டோர் ஒரு நாளைக்கு 50,000 ரீட் வரை இலவசமாகத் தருகிறது. கேட்க பெருசா இருக்கும். ஒருத்தர் ஆப்பைத் திறந்ததும் 100 டாக்குமென்ட் லோட் ஆகுதுன்னு வைங்க, 500 தடவை திறந்தாலே அன்றைய கோட்டா காலி. ரிசல்ட் வர்ற அன்னிக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க.

இதையெல்லாம் விடப் பெரிய செலவு, ஆப்பைப் போட்டவருடைய நேரம். ரெகுலேஷன் மாறினால் க்ரெடிட் கணக்கு மாறும். டார்கெட் ஏபிஐ லெவலை ஏற்றச் சொல்லி கூகுள் வருஷா வருஷம் கேட்கும். ஏற்றாமல் விட்டால், புது ஆண்ட்ராய்டு போன் வாங்கின ஜூனியர் தேடும்போது அந்த ஆப் ஸ்டோரில் கண்ணிலேயே படாது. போட்ட சீனியரோ வேலையில் சேர்ந்து எங்கேயோ இருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்து, ஒரு பைசா வராத ஆப்புக்கு அப்டேட் போட அவருக்கு என்ன தலையெழுத்தா? காலேஜ் ஆப்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் செத்துப் போகின்றன.

சரி, காசு கேட்கலாம். எப்படி? இங்கேதான் ஸ்டோர் விதிகளைத் தெரிஞ்சுக்கணும். கூகுள் ப்ளேயில் ஒரு தடவை இலவசமாக வெளியிட்ட ஆப்பை அப்புறம் விலை வைத்த ஆப்பாக மாற்றவே முடியாது. புது பேக்கேஜ் பெயரில் புது ஆப்பாகத்தான் போடணும். பழைய ரேட்டிங், ரிவ்யூ எதுவும் கூட வராது. இல்லையென்றால் ஆப்பை இலவசமாகவே விட்டுவிட்டு, உள்ளே இன்-ஆப் பர்ச்சேஸோ சப்ஸ்கிரிப்ஷனோ வைக்கலாம். ஆப்பிள் ஸ்டோரில் விலையைப் பிறகு வைக்கலாம். ஆனால் முன்பே இலவசமாக வாங்கியவர் மறுபடி காசு கட்டத் தேவையில்லை. டெவலப்பருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. இலவசம்னு நம்பி உள்ளே வந்தவரிடம் பாதியில் டிக்கெட் கேட்பது சரியில்லை.

பெரிய கம்பெனிகளையே பாருங்க. கூகுள் போட்டோஸில் அன்லிமிடெட் சேமிப்பு முடியப் போகிறது என்று 2020 நவம்பரில் அறிவித்தார்கள். அமலுக்கு வந்தது 2021 ஜூன் 1. நாம் திட்டினோம், உண்மைதான். ஆனால் அதற்கு முன் ஹை குவாலிட்டியில் ஏற்றிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேரவில்லை. ஆறு மாசத்துக்கு மேல் அவகாசமும் கிடைத்தது. அதே 2021 நவம்பரில் நோட்டபிலிட்டி என்கிற நோட்ஸ் ஆப் சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறியது. முன்பே காசு கொடுத்து வாங்கினவர்களுக்கும் முழு வசதி இன்னும் ஒரு வருஷம்தான் என்றார்கள். அவ்வளவு எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரெண்டு பேரும் காசுதான் கேட்டார்கள். ஒருத்தர் இனிமேல் வருவதற்குக் கேட்டார், இன்னொருத்தர் கொடுத்ததையே திருப்பிக் கேட்டார்.

ஆகவே சிஜிபிஏ கணக்கு போடுவது இலவசம் என்றால் அது இலவசமாகவே இருக்கட்டும். இந்த செமஸ்டரில் எவ்வளவு எடுத்தால் எட்டைத் தொடலாம்னு சொல்ற புது வசதிக்கு விலை வைங்க. ஒரு மாசம் முன்னாடியே ஆப்பிலேயே சொல்லுங்க. சர்வர் செலவு இவ்வளவுன்னு கணக்கைக் காட்டுங்க. முக்கியமா, எக்ஸாம் வாரத்தில் ஆரம்பிக்காதீங்க.

'ஸ்டூடண்ட்கிட்ட காசா? விளம்பரம் போட்டா போச்சு' என்பார்கள். சில நூறு பேர் பயன்படுத்தும் ஆப்பில் விளம்பரத்தால் வருவது சொற்பம். அதற்காக எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி, வினாத்தாளைத் திறக்கிறவர் முகத்தில் ரம்மி விளையாட்டைக் காட்டணுமா? இந்தியாவில் ப்ளே ஸ்டோரின் குறைந்தபட்ச விலையை 2015-லேயே 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கிவிட்டார்கள். 200 பேர் ஆளுக்கு 30 ரூபாய் கொடுத்தால் 6,000. கூகுளின் 15 சதவீதம் போனாலும் 5,100 மிஞ்சும், வரி தனி. சம்பாத்தியம்னு சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஜூனியர் புதுக் கணக்கு திறந்து, ஆப்பை அவர் பெயருக்கு மாற்றி, சர்வரையும் ஓட்ட அது போதும். ப்ளே ஸ்டோரில் அப்படிக் கைமாற்ற வழி இருக்கிறது. காசு வாங்கினால் கேள்வி கேட்கவும் ஆள் இருப்பார்கள். பொறுப்பு தானாக வரும்.

கடைசியா, ஆப் போடாமல் பயன்படுத்த மட்டும் செய்கிறவர்களுக்கு ஒண்ணு. கேன்டீனில் ரெண்டு டீக்கு யோசிக்காமல் ஜிபே பண்றோம். நாலு வருஷம் கூடவே வந்த ஆப் புது வசதிக்கு 30 ரூபாய் கேட்டால், கோபத்தில் ஒரு ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் பாருங்க. பழைய வசதி அப்படியே இருக்கா? இருந்தால், அவர் உங்ககிட்டேயிருந்து எதையும் எடுக்கவில்லை. முடிஞ்சா கொடுங்க. முடியலைன்னா பழையதைப் பயன்படுத்திக்கிட்டே இருங்க. அந்த ஒரு ஸ்டாரை மட்டும் போடாதீங்க.