கைராசியும் பரீட்சையும்

மிருக வைத்தியனின் திறமை கையோடு பிறந்தது, ராசியுள்ள கை தொட்டால் கன்று இறங்கும், ராசியற்ற கை தொட்டால் தாய்ப்பசுவும் போய்விடும், ஆகையால் கையின் வித்தையைப் பரீட்சித்துப் புள்ளி போடுவது ஆகாத காரியம் என்றொரு அபிப்பிராயம் வன்னியில் மாடு வளர்ப்போரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஒட்டுசுட்டானில் பட்டி வைத்திருக்கும் பெரியவர் இப்படிச் சொன்னால் அதில் வியப்பில்லை. மாட்டு வாகடம் அறிந்த பரியாரிமாரை நம்பி வாழ்ந்த பரம்பரை அவருடையது. ஆனால், ஐந்து நிமிஷம் பேசிப் பார்த்தாலே மாணவன் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடலாம் என மார்தட்டும் பேராசிரியரின் வாக்கும் அதே மூடநம்பிக்கைதான். பட்டதாரி அங்கி அணிந்து வந்திருப்பதால் மட்டும் அது சாஸ்திரமாகிவிடாது.

பரியாரியின் ராசி எங்கிருந்து வந்தது என்பதை இருவருமே விசாரிப்பதில்லை. அவர் சிறுவனாயிருந்த காலத்தில் தகப்பனாருக்குக் கயிறு பிடித்து, மருந்து அரைத்து, தவறியபோதெல்லாம் தலையில் குட்டு வாங்கியவர். அந்தக் குட்டுகளே அவருடைய செயன்முறைப் பரீட்சை. கையைக் கண்காணித்துத் திருத்த ஒருவர் பக்கத்தில் நின்றார் என்பதை மறந்துவிட்டு, விளைந்த பலனை மாத்திரம் தெய்வாதீனம் என்கிறோம்.

ஈன முடியாமல் தவிக்கும் பசுவொன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே நீட்டியிருப்பது ஒரு கால். அது முன்காலா, பின்காலா? உள்ளே செலுத்திய கை, குளம்புக்கு மேலுள்ள இரு பெரிய மூட்டுகளைத் தடவிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்கால், ஒன்றுக்கொன்று எதிராக மடங்கினால் பின்கால். இதை விடைத்தாளில் எழுதாத மாணவன் இல்லை. ஆனால் வழுக்கும் நீரில், பசு முக்கும்போதெல்லாம் மணிக்கட்டு நசுங்க, விரல்நுனியால் அதை உணர்வதும், மடங்கிய காலை நேராக்கும்போது குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி அதை உள்ளங்கையில் பொதிந்து கொண்டு திருப்புவதும் வேறு வித்தை. துவாரமிட்ட பெட்டியொன்றில் இறந்த கன்றின் உடலை வைத்து, சாக்கினால் மறைத்து, ஒவ்வொரு மாணவனையும் கையை உள்ளே விடச் செய்து, முன்னரே எழுதிவைத்த பட்டியலின்படி பரீட்சகர் குறித்துக்கொண்டால் அந்த வித்தை இருக்கிறதா இல்லையா என்பது சில நிமிஷங்களில் நிர்ணயமாகிவிடும். இதில் ராசிக்கு எங்கே இடம்?

ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975ஆம் ஆண்டில் மனித வைத்திய மாணவருக்கென வெளியிட்ட முறை இதுவே. மணி அடிக்க அடிக்க மாணவர்கள் நிலையம் நிலையமாக நகர்வார்கள். எல்லோருக்கும் அதே வேலை, அதே நேரம், அதே பட்டியல். சாதுவான நோயாளி ஒருவனுக்கும் சண்டித்தனமுள்ள நோயாளி இன்னொருவனுக்குமாக வாய்த்துவந்த பழைய பரீட்சையில் உண்மையாகவே ஆட்சி செய்தது ராசிதான். ஹார்டன் அதைத்தான் வெளியேற்றினார். பின்னர் மிருக வைத்தியக் கல்வியும் இம்முறையைச் சுவீகரித்துக்கொண்டது.

உயிருள்ள பிராணிக்குச் செய்யும் வைத்தியத்தைத் துண்டு துண்டாக்கிப் பரீட்சிக்கலாமா என்ற ஆட்சேபம் முற்றிலும் பொய்யன்று. வணக்கம் சொன்னதற்கும் இரத்தக் குழாயைக் கட்டியதற்கும் சமமாகப் புள்ளி வழங்கும் பட்டியல் மூடத்தனமானது. சில பிழைகளுக்கு மொத்தப் புள்ளியைப் பாராமலே தோல்வி விதிக்கவேண்டும். மலக்குடல் வழியாகச் சினை பார்க்கும் பரீட்சையிலோ மாணவனின் கை பரீட்சகரின் கண்ணுக்கே தெரியாது. முன்னதாகத் தாமே பார்த்து வைத்துக்கொண்டு மாணவனின் விடையை ஒப்பிடலாம். ஆனால் ஒரு பசுவை எத்தனை பேர் துன்புறுத்துவது? இதற்காகவே பிரித்தானியாவில் சாரா பெய்லி என்ற மிருக வைத்தியர், தொடுவுணர்வைக் கணினியால் உண்டாக்கி, விரல் போகும் வழியை ஆசிரியர் திரையில் காணும்படியான போலிப் பசுவொன்றை அமைத்தார். அத்தகைய யந்திரம் கிடைக்காத இடத்தில் பசுவுக்கு இத்தனை மாணவர் என்ற வரம்பாவது வேண்டும்.

வன்னிக்கு இதெல்லாம் தூரத்து விவகாரமன்று. 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டபோது, தொற்றுநோயோ என்று நாடே அஞ்சிற்று. அந்த அச்சத்தைத் தீர்த்தது பிரேதப் பரிசோதனை. ஆனால் திடீரென இறந்த மாட்டைக் கண்டவுடன் கத்தியை எடுப்பவன் ஆபத்தானவன். அந்திராக்ஸ் அல்லவென்று இரத்தப் பூச்சினால் தெளிந்த பிறகே உடலைத் திறக்கவேண்டும். இந்த ஒழுங்கு மாணவனின் கைக்குப் பழகியிருக்கிறதா என்பதை எந்த வாய்மொழிப் பரீட்சை காட்டும்?

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் வழங்குவது பேராதனை ஒன்றே. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றவர் நாளையே முல்லைத்தீவுக்கு நியமிக்கப்படலாம். ஆங்கிலத்தில் கற்ற அவர், அங்கு காட்டோரம் மேயும் பட்டியின் சொந்தக்காரரிடம், மாடு எப்போது தீனியை விட்டது, கடைசியாக எங்கே மேய்ந்தது என்று விசாரித்தாகவேண்டும். ஆகையால் பரீட்சை நிலையங்களுள் ஒன்றில் தமிழ் மட்டுமே பேசும் மாட்டுக்காரர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்பது என் கோரிக்கை. தமிழ் தெரியாத மாணவனை அதற்காகத் தோற்கடிக்க வேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டாவது அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு விடை பெற அவனுக்குத் தெரிகிறதா என்பதற்கும் புள்ளி போடட்டும்.