கேட்டார்க்குக் கற்பித்தல்

முத்தையா முரளிதரன் 2016 இல் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர்க்கு ஆலோசகராகி, இலங்கைக்கு எதிராகவே பயிற்சியளித்தமை முறையோ என்னும் வழக்கு எங்கள் சுன்னாகச் சந்தையில் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

1995 இல் மெல்பேணில், அவர் பந்தை வீசாது எறிகின்றார் என நடுவர் ஏழு முறை குற்றங் கூறினார். 800 ரெஸ்ற் விக்கெற்றுகளை வீழ்த்தி அவர் ஓய்ந்த பின், அந்நாடே அவரை ஆசானென அழைத்தது. கேட்டு வந்தார்க்குக் கல்வியை ஒளித்தல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு என்பதே என் கட்சி.

ஆயினும் அத்தொடரை இலங்கை 3–0 என வென்றது. முற்றும் நிமிராத பிறவி முழங்கையும் சுழலும் மணிக்கட்டும் சின்னாளிற் கற்பிக்கத்தக்கனவோ? புணர்ச்சி விதிக்கே என் மாணாக்கர் ஈராண்டு கேட்கின்றனர்! 1999 முதல் முரளியின் நிழலிலே காத்திருந்த ரங்கன ஹேரத் அத்தொடரில் 28 விக்கெற்றுகள் வீழ்த்தினார். அவரும் 2021 இல் வங்காளதேச அணிக்குப் பயிற்சியாளராய்ச் சென்றார். சந்தையில் அதனைக் குறைகூறியவரை யான் கண்டிலேன்.