பூட்டும் திறவுகோலும் ஒருவன் கையிலோ?

வாணிகம் என்பது வரவும் செலவும் பார்த்தல் மட்டுமன்று. இன்று கொள்ளும் பொருள் நாளை எவர்க்குக் கட்டுப்படச் செய்யும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே நிறைவான வாணிக அறிவாகும். கணிப்பொறிக்குரிய மென்பொருளை வாங்குகையில் அரசுகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் மறந்துவிடுவது இவ்வுண்மையையே.

மென்பொருள்கள் இருவகைப்படும். ஒன்று, தனியுரிமை மென்பொருள். அதன் மூலநிரல் உடைமையாளன் பெட்டகத்துள் பூட்டிக் கிடக்கும். பணங் கொடுத்தவனுக்குக் கிடைப்பது பொருளன்று. பயன்படுத்துதற்குரிய இசைவு மட்டுமே. மற்றொன்று, கட்டற்ற திறவூற்று மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். முன்னதைக் கொண்டவன் குடிக்கூலிக்கு இருப்பவன். பின்னதைக் கொண்டவன் மனைக்குரியவன்.

செருமனியின் மூனிச்சு நகராட்சி இவ்வேறுபாட்டைப் பட்டறிவால் உணர்ந்தது. அது பயன்படுத்தி வந்த விண்டோசு என்.டி. 4-க்குரிய துணையை மைக்கிரோசாப்டு நிறுவனம் நிறுத்தவிருந்தது. பொறிகள் நன்றாய் இயங்கினும், உடைமையாளன் குறித்த நாளுக்குள் அனைத்தையும் மாற்றியாக வேண்டிய நிலை! நகராட்சி வேறு வழி தேடியதும், 2003-இல் அந்நிறுவனத் தலைவர் சிடீவ் பால்மரே நேரிற் சென்று நகரத் தலைவரைக் கண்டார். விலைக் குறைப்பும் முன்வைக்கப்பட்டது. வெளியேறும் வழியொன்று உண்டென்று தெரிந்த அளவிலேயே விலை இறங்கிற்று என்றால், அதுவரை இருந்த விலை பொருளின் மதிப்பால் அமைந்ததோ, வாங்குவோனின் கையறுநிலையால் அமைந்ததோ?

நகர்மன்றம் அவ்வாண்டு மே திங்களில், ஏறத்தாழ 14,000 கணிப்பொறிகளை இலினக்சுக்கு மாற்ற முடிவு செய்தது. பணி 2013-இல் நிறைவெய்தியது. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று என்று 2012-இலேயே நகராட்சி கணக்குக் காட்டியது.

ஆயினும், மாற்றம் எளிதாய் நடந்துவிடவில்லை. வெளியிலிருந்து வரும் ஆவணங்களின் வடிவங்கள் பொருந்தாமல் இடர் தந்தன. பணியாளரிடையே முறையீடுகள் எழுந்தன. 2017 நவம்பரில் நகர்மன்றம் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. இதனைக் காட்டித் திறவூற்று தோற்றது என்பார் உளர். சுற்றிலும் உள்ளோர் அனைவரும் ஒருவனுடைய வடிவத்திலேயே எழுதும்போது, தனித்து நின்ற நகரம் உற்ற இடரே அது. பூட்டின் வலிமையை அது காட்டுகிறதேயன்றிப் பூட்டு நல்லதென்று காட்டவில்லை.

அதே நாட்டின் சிலெசுவிக்கு-ஓல்சுடைன் மாநிலம் அத்தோல்வியைக் கண்ட பின்னரே துணிந்தது. ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளை இலிபரே ஆபீசுக்கு மாற்றுவதாக 2024 ஏப்பிரலில் அது அறிவித்தது. 2025 அக்டோபரில் 40,000-க்கு மேற்பட்ட மின்னஞ்சற் பெட்டிகளைத் திறவூற்றுக்கு மாற்றி முடித்தது. நகரம் தனித்துச் செய்ததை மாநிலமே செய்யும்போது, வடிவத்தை வகுக்கும் வலிமையும் கைமாறத் தொடங்குகிறது.

கட்டற்றது என்பதால் செலவற்றது என்று மயங்குதல் கூடாது. பயிற்சிக்கும் பேணலுக்கும் பணம் வேண்டும். முதலாண்டுகளில் மிகுதியாகவே வேண்டும். ஆனால் அப்பணம் உரிமக் கூலியாய் ஒரே இடத்திற்குப் போகாமல், உள்ளூர்ப் பொறிஞரின் உழைப்புக்கு ஊதியமாகிறது. ஒருவர் பணி நன்றாயில்லையெனில் மற்றொருவரை அமர்த்தலாம். தனியுரிமையில் அவ்வாறு இயலாது. பூட்டியவன் ஒருவனே திறக்க வல்லவன். விண்டோசு 10-க்குரிய பொதுத்துணை 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது, விண்டோசு 11 கேட்கும் உறுப்புகள் இல்லாத பொறிகள், பழுதின்றி இயங்கியும், பழையன என்று ஒதுக்கப்பட்டன. அந்நாளைக் குறித்தவர் அவற்றை வாங்கியவர் அல்லர்.

ஆகவே, மென்பொருள் வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினா, “இதன் விலை என்ன?” என்பதன்று, “இதனை விட்டு வெளியேற என்ன செலவாகும்?” என்பதே. அவ்வினாவிற்கு விடை சொல்லாத விலைப்பட்டியல் குறையுடைய பட்டியலே.

மக்கள் வரிப்பணத்தில் வாங்குவோர்க்கு இப்பொறுப்பு இருமடங்காகும். மக்களின் நிலப்பதிவும் பிறப்புப் பதிவும் எவனோ ஒருவன் இசைந்தால்தான் திறக்கும் பெட்டிக்குள் இருத்தல் ஆகாது. திறவுகோல் இல்லாத வீட்டிற்குப் பொன்வேய்ந்த கதவு எதற்கு? திறவுகோலை முதலிற் கேட்பதே அறிவுடைமை. அதுவே ஊதியமும் ஆகும்!