சான்றிதழ்கள் குவிகின்றன, வருமானம் உயர்ந்ததா?

வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் சுயதொழில் பயிற்சிப் பட்டறை ஒன்று நடைபெறாத பிரதேச செயலகப் பிரிவைக் காண்பது அரிது. 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் அனர்த்தத்தைத் தொடர்ந்தும், 2009 இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னரும் வெளிநாட்டு நன்கொடைகள் வாழ்வாதார உதவி என்ற பெயரில் கிராமங்களை வந்தடைந்தன. அவற்றின் வழமையான வடிவம் யாவரும் அறிந்ததே. சில தினங்கள் வகுப்பு, இறுதி நாளில் சான்றிதழ், வாய்ப்பிருப்பின் ஒரு தையல் இயந்திரமோ சிறுதொகை மானியமோ. இப்பணம் ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை நிலையாக உயர்த்தியதா என்ற வினா மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாவுக்கு எமது நாட்டிலேயே ஆய்வு வழியாக விடை தேடப்பட்டுள்ளமை பலரும் அறியாதது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரவ் ஆகிய பொருளியலாளர்கள் 2005 இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில் முயற்சியாளர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, 10,000 அல்லது 20,000 ரூபா மானியம் வழங்கினர். அம்முதலீடு மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து வீத இலாபத்தை ஈட்டித் தந்தது. ஆயினும் அந்த இலாபம் ஆண்கள் நடத்திய தொழில்களுக்கே கிட்டியது. பெண்களின் தொழில்களில் அத்தகைய பயன் தென்படவில்லை.

பணம் மட்டும் போதவில்லையெனில் பயிற்சியையும் சேர்த்து வழங்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 2009 இல் கொழும்பு, கண்டிப் பிரதேசங்களில் குறைந்த வருமானம் பெறும் பெண்கள் மத்தியில் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் வியாபாரப் பயிற்சி பரீட்சிக்கப்பட்டது. ஒரு சாராருக்குப் பயிற்சி மட்டும் வழங்கப்பட, மற்றொரு சாராருக்குப் பயிற்சியை நிறைவுசெய்ததும் 15,000 ரூபா மானியமும் அளிக்கப்பட்டது. ஏற்கெனவே தொழில் நடத்திவந்த பெண்களின் இலாபத்தைப் பயிற்சி மட்டும் உயர்த்தவில்லை. பயிற்சியும் பணமும் சேர்ந்தபோது முதற்சில மாதங்களில் இலாபம் உயர்ந்தது. இரண்டாவது ஆண்டில் அந்த உயர்வு கரைந்துவிட்டது. புதிதாகத் தொழில் தொடங்க விரும்பிய பெண்கள் பயிற்சியின் பயனாக விரைவில் தொழிலில் இறங்கினர். அவர்களது இலாபமும் மேம்பட்டது. எனினும் இரண்டு ஆண்டுகளின் பின்னர் தொழில் நடத்துவோர் தொகையில் நிலையான அதிகரிப்பு காணப்படவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்பது எமது வாதமன்று. முன்னேற்றம் நீடிக்காமைக்கான காரணங்களை நோக்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஒரே கிராமத்தில் இருபது பெண்களுக்குத் தையல் கற்பித்தால் அங்குள்ள வாடிக்கையாளர் தொகை பெருகிவிடுவதில்லை. மருதமுனையின் கைத்தறித் துணிக்கும் யாழ்ப்பாணத்தின் பனையோலைக் கைப்பணிக்கும் தேர்ச்சியில் குறைவில்லை. குறைவானது நியாய விலைக்கு அவற்றை வாங்கும் சந்தையே. கணக்குப் புத்தகம் எழுதக் கற்பிக்கும் வகுப்பு அந்தச் சந்தையை உருவாக்கித் தராது.

அன்றியும், தொழில் சரியத் தொடங்கும் வேளையில் அப்பெண்ணை நாடி வருபவர் பயிற்சி ஆலோசகரல்லர். நுண்கடன் நிறுவனத்தின் வசூலிப்பாளரே. நுண்கடன் சுமை எத்தகைய துயரங்களுக்கு வழிவகுத்தது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு 2018 இல் அரசாங்கம் தள்ளப்பட்டமை அச்சுமையின் பாரத்தை உணர்த்தும்.

மானியத்தின் பெறுமதியும் கருத்திற்கொள்ளப்படவேண்டும். 2009 இல் 15,000 ரூபா சுமார் 130 டொலருக்குச் சமமாக இருந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அதே தொகை அதன் அரைவாசியையும் எட்டாது. பழைய தொகைகளை அளவுகோலாகக் கொண்டு புதிய திட்டங்களை வகுப்பது ஏழைகளின் காலத்தை வீணடிப்பதாகும்.

மாற்று வழி இல்லாமலில்லை. எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. அங்கு மிக வறிய குடும்பங்களுக்குத் தொழிலுக்கான சொத்தும் பயிற்சியும் மட்டுமன்றி, உணவுச் செலவுக்கான உதவியும் நீண்டகாலத் தொடர் ஆலோசனையும் வழங்கப்பட்டன. திட்டம் முடிவுற்று ஓராண்டின் பின்னரும் பயன்கள் நிலைத்திருந்தன. இவ்வழி செலவு கூடியதே. ஆயினும் ஆயிரம் பேருக்குச் சான்றிதழ் வழங்குவதைக் காட்டிலும் இருநூறு குடும்பங்களைக் காலூன்றச் செய்வது மேலானது.

ஆதலால் நன்கொடை வழங்குவோரும் அதிகாரிகளும் அரச சார்பற்ற நிறுவனங்களும் தமது அறிக்கைகளின் அளவுகோலை மாற்றிக்கொள்ளவேண்டும். பயிற்றப்பட்டோர் எத்தனை பேர் என்பதுடன் கணக்கு முடிந்துவிடலாகாது. இரண்டு ஆண்டுகளின் பின் எத்தனை பேர் தொழிலில் நிலைத்துள்ளனர், எத்தனை பேர் கடனில் வீழ்ந்துள்ளனர் என்பன பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். ஏழைகளின் பெயரால் பெறப்படும் பணத்துக்கு அந்த ஏழைகளிடமே கணக்குக் காட்டுவது சலுகையல்ல, கடமையாகும்.