மெட்டியைக் கழற்றினால்தான் வேலையா?

பொழுது புலருமுன்னே தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் நோக்கி ஆலைப் பேருந்துகள் புறப்படுகின்றன. அவற்றில் ஒன்றில் இடம் தேடிய இளம்பெண் ஒருத்தி பங்கு இல்லத்திற்கு வந்தாள். மூன்று மாதங்களுக்கு முன் அவளது திருமணத்தை நடத்தி வைத்தவன் நான். "சாமி, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு கடிதம் தருவீர்களா?" என்றாள். காலில் மெட்டி இல்லை. மணமானவர் வேண்டாமென்று ஆள்சேர்க்கும் முகவர் கூறிவிட்டாராம்.

பொய்ச் சான்று தர மறுத்தேன். ஆனால் அந்தப் பொய்யை அவள் நாவில் வைத்தவர் யார்?

இது ஒருத்தியின் துயரமன்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. நடுவண் தொழிலாளர் அமைச்சகம், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் 25 விழுக்காட்டினர் மணமானவர்களே என ஆலைத் தரப்பு விளக்கியது. ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் திருமண நிலையைக் குறிப்பிடலாகாது என முகவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதாக அதே ஆண்டு நவம்பரில் செய்தி வந்தது. நன்று. விளம்பரத்தில் அழிந்தது மனத்திலும் அழிந்ததா?

'அவளுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம். அடிக்கடி விடுப்பு எடுப்பாள்' என்பர். ஆண் மணம் முடித்தால் 'பொறுப்பு வந்துவிட்டது' என்று மெச்சுகிற அதே வாய், பெண் மணம் முடித்தால் 'தொல்லை வந்துவிட்டது' என்கிறது. திருமணம் ஒன்றே, தீர்ப்பு மட்டும் இரண்டா?

பேறுகாலச் செலவைக் காட்டுவோரும் உளர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் அடங்கிய பெண்ணுக்கு முதல் இரு பேறுகளுக்கும் 26 வார ஊதியத்தைக் காப்பீட்டுக் கழகமே வழங்குகிறது, முதலாளி அன்று.

மணமானதும் வேலை பறிபோகும் என்ற பம்பாய் மருந்து நிறுவனமொன்றின் விதியை உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்க மறுத்தது. வெளியுறவுப் பணியின் முதல் பெண்மணி சி. பி. முத்தம்மாவின் வழக்கில், குடும்பப் பாசம் ஆணின் கடமைக்கும் தடையாகலாமே என்று 1979இல் நீதியரசர் கிருஷ்ண ஐயர் சுட்டினார். அறிவுக்கு அன்றே எட்டியது, ஆலை வாயிலுக்கு இன்னும் எட்டவில்லையே!

முகவரை மட்டும் பழிப்பது எளிது. நம் பங்கு மக்களிலும் மனிதவள அதிகாரிகள் உள்ளனர்; பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நாமே நடத்துகிறோம். நேர்முகத் தேர்வில் 'எப்போது கல்யாணம்? எப்போது குழந்தை?' என்று பெண்ணை மட்டும் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? அந்தக் கேள்வியை நம் விண்ணப்பத் தாள்களிலிருந்து முதலில் நீக்குவோம். பிறகே பிறரைக் கேட்க நமக்கு வாயுண்டு.

மூன்று ஞாயிறு பீடத்தருகே நின்று மண அறிக்கையை உரக்க வாசிக்கிறோம். ஊரறிய அறிவித்த அந்த மகிழ்ச்சியை, ஓர் ஆலை வாயிலில் நம் மகள் குற்றம்போல் மறைக்க வேண்டுமா?