படம் வர முன் மணிக்கூட்டை ஓட விடாதீர்கள்

நிகழ்நிலையில் மாதிரிப் பரீட்சை நடத்தும் தம்பிமாரே, ரியூட்டரி சேர்மாரே, பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

ஒரு வினாவுக்கு 60 செக்கன் கொடுக்கிறீர்கள். வினாவின் எழுத்து உடனே வருகிறது, மணிக்கூடும் உடனே ஓடத் தொடங்குகிறது. கேத்திரகணித உரு மட்டும் வரவில்லை. ஃபைபர் போட்ட வீட்டுப் பிள்ளைக்கு அது கண்மூடித் திறக்க முன் வந்துவிடும். உம்மாவின் போனில், ஒரு கோடு கவரேஜில் இருக்கிற பிள்ளைக்கு 25 செக்கன் அதிலேயே போனால் மிச்சம் 35. பிறகு அந்தப் புள்ளிகளை வைத்து நிலை போட்டு குறூப்பில் பகிர்கிறீர்கள். அளந்தது கணிதத்தையா, சிக்னலையா?

கேட்டால், "பக்கம் முழுசா லோட் ஆன பொறகுதான் சேர் டைமர் ஓடுது" என்கிறீர்கள். எந்த லோட்? டொம்கன்டன்ட்லோடட் என்ற நிகழ்வு படங்களுக்காகக் காத்திருப்பதில்லை. விண்டோ லோட் காத்திருக்கும், ஆனால் லேசி என்று குறித்த படங்களைக் கணக்கெடுக்காது. அதோடு பக்கத்துக்கு ஒரு தடவைதான் அது வரும். 'அடுத்த வினா'வை அழுத்தியதும் நீங்கள் மாற்றுகிற படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் சிலர் மூன்று செக்கன் பொறுத்துவிட்டுத் தொடங்குகிறார்கள். யார் வீட்டு மூன்று செக்கன்?

கம்ப்ளீட் என்ற பண்பைப் பார்க்கிறோம் என்பவர்களே, படம் உடைந்து போனாலும் அது 'ஆம்' என்றுதான் சொல்லும். நெச்சுரல்வித் பூச்சியமா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் டிகோட் என்ற கட்டளையை அழையுங்கள். படம் காட்டத் தயாரானால் அது நிறைவேறும், முடியாவிட்டால் மறுக்கும். நிறைவேறிய பிறகு மணிக்கூட்டைத் தொடங்குங்கள். மறுத்தால் மணிக்கூட்டைத் தொடங்காமல் 'மீண்டும் முயற்சி' பொத்தானைக் காட்டுங்கள். சில வரி வேலைதான். (வினாத்தாளைப் போனில் படம் எடுத்து 4 எம்பியோடு அப்படியே ஏற்றுகிறீர்களே, அது வேறு கதை.)

"படம் வரல்ல என்று சொல்லிப் பிள்ளைகள் நேரம் எடுப்பாங்க" என்றும் ஒரு நியாயம் வைத்திருக்கிறீர்கள். சொல்லப்போவது பிள்ளை இல்லை, பிரவுசர். எழுத்தையும் படத்தோடு சேர்த்தே காட்டுங்கள். டேட்டாவை நிறுத்தி வைக்கிறவனுக்கு வினாவே தெரியாது, எதை யோசிப்பான்?

அடுத்த பரீட்சைக்கு முன் இதைத் திருத்துங்கள். அதுவரைக்கும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை உங்கள் நிலைப்பட்டியலில் போட வேண்டாம்.