அச்சம் ஈமானின் குறைவன்று

 

வேலைக்காக முதன்முறையாக ரியாதுக்குத் தனியே புறப்படும் இளைஞர், "விமானத்தை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது" என்கிறார். கூடியிருப்போரில் ஒருவர் உடனே தீர்ப்பளிக்கிறார்: "ஐவேளையும் தொழுகிறாயே தம்பி, அல்லாஹ்வின் மீது தவக்குல் இல்லையா?" மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இளைஞர் வாயடைத்துப் போகிறார். இருந்த அச்சம் அப்படியே இருக்க, ஈமான் இழந்தோமோ என்ற குற்றவுணர்வும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இத்தீர்ப்புக்கு மார்க்கத்தில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, அவர்கள் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என அஞ்சுவதாக மூஸா (அலை) தம் இறைவனிடமே முறையிட்டார்கள் (26:14). தனியே செல்லத் தயங்கி, சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தான் (20:29-36). அஞ்ச வேண்டாம், நான் உங்களுடன் இருக்கிறேன் என்று தேற்றினான் (20:46). அல்லாஹ் தேற்றிய இடத்தில் நாம் ஏளனம் செய்வதா?

உமர் (ரலி) அவர்களைவிடத் துணிவுமிக்கவர் யார்? கடல்வழிப் படையெடுப்புக்கு முஆவியா (ரலி) அனுமதி கேட்டபோது, கடலின் தன்மையை விசாரித்தறிந்த உமர் (ரலி), முஸ்லிம்களை அதில் அனுப்ப மறுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். பழகாத வாகனத்தின் முன் தயங்கிய அவர்களுக்கும் ஈமான் குறைவு என்று சொல்லத் துணிவோமா?

இறைநேசர்களுக்கு அச்சமில்லை என்று குர்ஆன் கூறவில்லையா எனச் சிலர் கேட்பர் (10:62). அது மறுமையின் அச்சமின்மையைக் குறிப்பது என்றே விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். மனித இயல்பான அச்சத்தை அவ்வசனம் மறுப்பதாகக் கொண்டால், மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததைக் கூறும் வசனத்தை (20:67) என்ன செய்வது?

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவின் பொருளைச் சிந்தியுங்கள். இதை வசப்படுத்தும் ஆற்றல் எங்களுக்கு இருக்கவில்லை, இறைவனே வசப்படுத்தித் தந்தான் என்பதே அது (43:13-14). இயலாமையை ஒப்புக்கொண்டே பயணத்தைத் தொடங்கக் கற்பித்த மார்க்கம் இது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் இடம்பெறும் அறிவிப்பை நாம் அறிவோம். அஞ்சுகிற பயணிக்கும் கட்டவேண்டிய கயிறுகள் உண்டு. மேலெழுந்ததும் கேட்கும் பெருஞ்சத்தம் சக்கரங்கள் உள்ளே மடங்குவதால் எழுவது; சற்று நேரத்தில் எஞ்சின் ஓசை தணிவது விசையைக் குறைப்பதால். காற்றின் கொந்தளிப்பில் இறக்கைகள் வளைந்து கொடுக்குமாறே வடிவமைக்கப்பட்டுள்ளன. இவற்றை முன்பே அறிந்தவர் ஒவ்வோர் ஓசைக்கும் திடுக்கிடமாட்டார். இறக்கையை ஒட்டிய இருக்கையில் குலுக்கம் குறைவு. அதைக் கேட்டுப் பெறலாம். அமர்ந்திருக்கும்வரை இருக்கைப் பட்டையைக் கழற்றாதிருப்பது நல்லது. தனியே பயணிப்பதையும் அச்சத்தையும் பணிப்பெண்ணிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம். படபடப்பு உச்சத்தை எட்டினாலும் சில நிமிடங்களில் தானே தணியும். அதுவரை மூச்சை மெதுவாக வெளிவிட்டு திக்ர் செய்யலாம். அச்சம் பயணத்தையே தடுக்குமளவு இருந்தால் மருத்துவரை நாடுவதே முறை. அவர் சொல்லாமல் தூக்க மாத்திரை விழுங்குவது ஆபத்து.

உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் சைப்ரஸுக்குச் சென்ற படையில் அவர்கள் அலைகடலை நலமாகக் கடந்தார்கள். கரையேறிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து உயிர்நீத்தார்கள். அஞ்சிய கடல் அவர்களைக் கரைசேர்த்தது. பழகிய தரையிலேயே தவணை முடிந்தது. விமானம் ஏறுவதால் ஆயுள் குறைவதுமில்லை, வீட்டில் இருப்பதால் கூடுவதுமில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். பயணம் ஒன்றில் உறங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றைச் சிலர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (அபூதாவூத்). விளையாட்டாக அச்சுறுத்துவதே ஆகாதென்றால், அஞ்சியவரின் ஈமானைக் கேலி செய்வது எப்படி ஆகும்? உங்கள் பிள்ளை தனியே புறப்படும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள், துஆச் செய்யுங்கள். இறங்கும் ஊரில் அழைத்துச்செல்ல ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஹாரூனைப் போல் ஒரு துணை கிடைப்பது பெரும் பலம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, அஞ்சும் உள்ளங்களுக்கு அமைதியை அருள்வானாக! ஆமீன்.